ஆப்டோமெட்ரி கல்விக் கடன்: முதல் டிடி முதல் நோ ட்யூ சர்டிபிகேட் வரை

2017 ஜூலை மாதம், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வங்கியிலிருந்து போன் வந்தது. "பாப்பாவோட லோன் தவணை விழுந்து நிக்குதுங்கய்யா, எப்பக் கட்டுறீங்க?" எனக்கு இன்டர்ன்ஷிப் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சான்றிதழும் வரவில்லை, வேலையும் இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை என்று நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம். அப்பா பூக்கூடையோடு நேரே உசிலம்பட்டி பஸ் ஏறி வந்து, "தாயி, நாம என்ன தப்புப் பண்ணுனோம்?" என்று கேட்டார்.

தப்பு எங்கள் மேல் இல்லை. நான் படித்த பி.ஆப்டம், அதாவது கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதும் ஆப்டோமெட்ரி பட்டம், நான்கு ஆண்டுப் படிப்பு. மூன்று ஆண்டு வகுப்பு, கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப். கடன் போட்டபோது வங்கிக் கணினியில் படிப்புக் காலம் 36 மாதம் என்று ஏறியிருந்தது. இன்டர்ன்ஷிப்பை யாரோ படிப்பாகவே எண்ணவில்லை. 36 மாதத்தோடு ஒரு வருடம் கூட்டினால் நான் படிப்பை முடித்த அதே மாதம் முதல் தவணை. எங்கள் தொழிலில் இதற்கு ஒப்பாக ஒன்று உண்டு. கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவரைச் சரியாக எழுதிவிட்டு, அதன் கோணமான ஆக்ஸிஸை மட்டும் 90-க்குப் பதில் 180 என்று எழுதினால், கண்ணாடி போட்டவருக்குத் தலை சுற்றும். மற்றதெல்லாம் சரிதான், ஒரு எண்தான் பிசகு.

அந்த எண்ணைத் திருத்த நான்கு நடை நடந்தோம். அந்த நடை உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: வாங்கியது எந்தக் கடன்?

"கவர்மெண்டு லோன்" என்று ஊரில் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். திருப்பிக் கட்டும் விதி கடனுக்குக் கடன் மாறும்.

பெரும்பாலானவர்கள் வாங்குவது வங்கிக் கல்விக் கடன். பணம் வங்கியுடையது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி கொடுக்கிறார்கள். அரசின் பங்கு வட்டி மானியத்திலும் உத்தரவாதத்திலும்தான். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 2015 முதல் ஒரு உத்தரவாத நிதி இருக்கிறது. அதன்கீழ் வரும் கடனுக்குச் சொத்து அடமானமோ வெளியாள் ஜாமீனோ கேட்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த உத்தரவாதத்தை வைத்து ஒரு வதந்தி சுற்றுகிறது: "நாம கட்டாட்டி அரசாங்கம் கட்டிரும்." அது வங்கியின் நஷ்டத்துக்கான பாதுகாப்பு. நம் கடன் நம் தலையிலேயேதான் இருக்கும்.

இன்னொரு வகை, அரசுக் கழகங்கள் வழியாக வரும் கடன். சிறுபான்மையினருக்கு டாம்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ, ஆதிதிராவிடருக்குத் தாட்கோ என்று சமூகவாரியாக இருக்கின்றன. வட்டி வங்கியைவிட நன்றாகக் குறைவு. டாம்கோவின் முதல் திட்டத்தில் ஆண்டுக்கு 3 சதவீதம். வருமான வரம்பு கூடுதலான இரண்டாம் திட்டத்தில் ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 5. ஆனால் படிப்பு முடிந்தபின் 5 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். வட்டி குறைவென்று தவணையும் குறைவாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 4 லட்சத்தை 3 சதவீதத்தில் 5 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,190 ரூபாய் ஆகும். வங்கியில் அதே 4 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்குப் பிரித்தால் சுமார் 5,290. மொத்தத்தில் கழகக் கடன்தான் மலிவு, சந்தேகமே இல்லை. முதல் சம்பளத்தில் மூச்சு முட்டுவதும் அதில்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது கடனே இல்லை. சில மருத்துவமனைகள் கட்டணத்தையோ பயிற்சிச் செலவையோ தாங்களே ஏற்றுக்கொண்டு, முடித்தபின் இத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குகின்றன. நடுவில் கிளம்பினால் எவ்வளவு கட்ட வேண்டும், வேலை பார்த்த மாதங்கள் அதில் கழியுமா, ஒரிஜினல் சான்றிதழ் யார் கையில் இருக்கும் என்ற மூன்றையும் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் பாருங்கள்.

படி 2: அனுமதிக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை

மேனேஜர் கடிதத்தை நீட்டும்போது இருக்கும் சந்தோஷத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. நாங்களும் படிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் படிப்புக் காலம். நான்கு ஆண்டுப் படிப்பென்றால் 48 மாதம் என்று இருக்க வேண்டும். கடிதத்தில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கணினியிலும் அப்படியே ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். "முதல் தவணைத் தேதி எதுன்னு சிஸ்டத்துல பாத்துச் சொல்லுங்க சார்" என்று ஒரு வரி கேட்டால் போதும். 2025 ஜூலையில் சேர்ந்தவருக்கு 2030-க்கு முந்திய தேதி எது வந்தாலும் அது பிழை. கல்லூரி கொடுக்கும் போனஃபைடு சான்றிதழிலேயே 'இன்டர்ன்ஷிப் உட்பட நான்கு ஆண்டு' என்று எழுதி வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது தவணை விடுப்பு, வங்கியில் மாரட்டோரியம் என்பார்கள். இப்போதைய மாதிரித் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும். பழைய கடன்களில், என்னுடையதிலும், 'ஓராண்டு அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முந்தியோ அது' என்று இருக்கும். அக்காவுக்குப் போட்ட விதியே தம்பிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, வட்டி நிலையானதா மாறுவதா, விடுப்புக் காலத்தில் தனிவட்டியா. மாதிரித் திட்டம் தனிவட்டி என்கிறது. நான்காவது, உங்கள் போன் நம்பரும் அப்பா நம்பரும் இரண்டுமே கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்பது. சிம் மாற்றிய பிள்ளைக்கு வங்கியின் செய்தி போகாமலேயே தவணை விழுந்த கதைகள் நிறைய உண்டு.

படி 3: படிக்கும்போதே ஓடும் வட்டி

இதைத்தான் எங்கள் வகுப்பில் ஒருவர்கூடப் புரிந்துகொண்டிருக்கவில்லை. தவணைதான் விடுப்பில் போகிறது, வட்டிக்கு விடுப்பு கிடையாது. கல்லூரிக்கு முதல் டிடி (வங்கி வரைவோலை) போன அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

கணக்குப் போடுவோம். ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டில் 4 லட்சம். வட்டி எளிதாக 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு நான்கு, விடுப்பு ஒன்று, ஆக ஐந்து ஆண்டு. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. கூட்டினால் 1,40,000. தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்ந்துவிடும். அன்றைக்கு உங்கள் கடன் 5,40,000 ரூபாய். அதற்குப் பிறகு வட்டிக்கும் வட்டி.

10 ஆண்டில் அடைத்தால் 5.4 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 7,140. வட்டியை அவ்வப்போது கட்டி 4 லட்சத்திலேயே நிறுத்தியிருந்தால் சுமார் 5,290. மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம், பத்து வருடத்துக்கு. அதோடு, படிக்கும் காலத்திலும் விடுப்பிலும் வட்டியை ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் சலுகை தரலாம் என்று மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

எல்லோராலும் கட்ட முடியுமா? முதலாண்டில் வட்டி மாதம் 830 ரூபாய் அளவில்தான் இருக்கும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். முதலாண்டு வட்டிக்கு அது அப்படியே சரியாக இருக்கும். நான்காம் ஆண்டில் வட்டி மாதம் 3,300-ஐத் தாண்டும், அப்போது அது போதாது. முடிந்த அளவு கட்டுங்கள். அதற்காக அம்மாவின் செயினை அடகுக்கடையில் வைக்காதீர்கள். கல்விக் கடன் வட்டியைக் கட்ட அதைவிடக் கூடுதல் வட்டிக்கு அடகு வைத்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

படி 4: வட்டி மானியத்தை விட்டுவிடாதீர்கள்

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், மேலே சொன்ன 1,40,000 முழுவதையும் ஒன்றிய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. விடுப்புக் காலத்து வட்டிக்கு மட்டும்தான். அசலும், அதன்பிறகு வரும் வட்டியும் நம்முடையவை. நடுவில் படிப்பை விட்டால் மருத்துவக் காரணம் தவிர வேறெதற்கும் மானியம் இல்லை. வாழ்நாளில் ஒரு படிப்புக்குத்தான்.

இங்கே ஆப்டோமெட்ரி பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. 2018-க்குப் பின் நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று உள்ள கல்வி நிறுவனமா என்று பார்க்கிறார்கள். கண் மருத்துவமனையோடு ஒட்டி நடக்கும் சிறு கல்லூரிகளில் இது கேள்வியாகிவிடுகிறது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் தரச்சான்று நகலைக் கேளுங்கள். வங்கியிலும் "இந்தக் காலேஜுக்கு மானியம் வருமா" என்று வாயால் கேட்டு விட்டுவிடாமல், ஒரு மனுவாக எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலக்ஷ்மி வேறு. தேசியத் தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்; வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் விடுப்புக் காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

வருமானச் சான்றிதழ் ஈ-சேவையில் விண்ணப்பித்துத் தாசில்தார் வழியாக வருவதாக இருக்க வேண்டும். மானியத்தைக் கேட்டு அனுப்ப வேண்டியது உங்கள் வங்கிக் கிளை. கிளை மறந்தால் பணம் வராது. ஆண்டுக்கொருமுறை ஸ்டேட்மெண்ட் எடுத்து மானியம் வரவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் கிளையில் தொடங்கி, அங்கே நகரவில்லை என்றால் மாவட்டத்தின் வங்கிகளையெல்லாம் ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரிடம் போகலாம். மதுரைக்கு முன்னோடி வங்கி கனரா. மாவட்ட நிர்வாகம் நடத்தும் கல்விக் கடன் முகாம்களில் எல்லா வங்கிக்காரர்களும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருப்பார்கள். புதுக் கடன் கேட்பவர்கள்தான் அங்கே போக வேண்டும் என்றில்லை, குறை சொல்லவும் அது நல்ல இடம்.

படி 5: இன்டர்ன்ஷிப்பின் கடைசி மாதம்

வங்கிக்கு ஒரு கடிதம். இன்டர்ன்ஷிப் முடியும் தேதி, கல்லூரிச் சான்று, புது முகவரி, போன் நம்பர். அரியர் விழுந்து படிப்பு நீண்டால் அதையும் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு வரை காலநீட்டிப்புக்கு மாதிரித் திட்டம் இடம் கொடுக்கிறது. எம்.ஆப்டம் சேரப் போகிறீர்கள் என்றால், கூடுதல் கடன் கேட்டு, தவணையை அந்தப் படிப்புக்குப் பின் தள்ளச் சொல்லலாம். சொல்லாமல் சேர்ந்தால் பழைய தேதியிலேயே தவணை ஓட ஆரம்பித்துவிடும்.

படி 6: தவணையை நிர்ணயிப்பது

விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கிளைக்குப் போங்கள். 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அதே 5.4 லட்சத்துக்கு 10 சதவீதத்தில்:

7 ஆண்டு என்றால் மாதம் சுமார் 8,965. மொத்தம் கட்டுவது 7.5 லட்சம் அளவில்.
10 ஆண்டு என்றால் சுமார் 7,140, மொத்தம் 8.6 லட்சம் அளவில்.
15 ஆண்டு என்றால் சுமார் 5,800, மொத்தம் 10.4 லட்சத்துக்கு மேல்.

15-ஐப் பார்த்ததும் பலர் பதறி 7-ஐ எடுக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணாடிக் கடையிலோ மருத்துவமனையிலோ முதல் வேலையில் 18,000 சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா நகரில் விடுதி வாடகையும் சாப்பாடும் போக 8,965 எங்கிருந்து வரும்? நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டு, கையில் பணம் வரும்போது அசலில் கூடுதலாகக் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் அப்படித்தான் செய்தேன். பத்து வருடத் தவணை, ஆறாவது வருடத்தில் முடிந்தது. கூடுதலாகக் கட்டும்போது "அசல்ல கழிங்க" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சில கிளைகளில் அதை அடுத்த மாதத் தவணையாக வைத்துக்கொள்வார்கள்.

முதலில் குறைவாகவும் சம்பளம் ஏற ஏறக் கூடுதலாகவும் கட்டும் ஏறுமுகத் தவணையும் திட்டத்தில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

தேதி முக்கியம். சம்பளம் 7-ஆம் தேதி வந்தால் தவணை 10-க்கு இருக்கட்டும். 5-ஆம் தேதி ஆட்டோ டெபிட் போட்டுவிட்டு, ஒவ்வொரு மாதமும் கணக்கில் பணமில்லாமல் திரும்பி, அதற்கொரு அபராதம் கட்டிக்கொண்டிருந்த தோழி எனக்கு உண்டு.

கட்டும் வட்டிக்கு வருமான வரியில் எட்டு ஆண்டு கழிவு கிடைக்கும், பழைய வரி முறையில் மட்டும். அசலுக்குக் கிடையாது. வரி வரம்புக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இதனால் பயனில்லை.

படி 7: கட்ட முடியாத மாதம் வந்தால்

வரும். எங்களுக்கும் வந்தது. மார்கழிப் பனியில் பூ வரத்து குறைந்து அப்பா கையில் காசில்லாத நேரத்தில் நான் வேலை மாறினேன், இரண்டு மாதம் சம்பளம் இல்லை.

ஒளியாதீர்கள். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே 30, 60 நாள் என்று கணக்கில் குறியிட்டுக்கொண்டே வருவார்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் உங்கள் பெயரில் மட்டும் இல்லை, கூட்டுக் கடன்தாரரான அப்பா பெயரிலும் அது ஏறும். பிறகு அவர் டிராக்டருக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டுப் போனால் உங்கள் தவணைதான் குறுக்கே நிற்கும்.

90 நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். வேலையில்லாத காலத்துக்காகக் கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டத்தில் வழி இருக்கிறது. வேலை போன கடிதம், மூன்று மாத ஸ்டேட்மெண்ட் இணைத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். நான் கேட்டபோது மேனேஜர் முதலில் அப்படியொரு விதியே இல்லை என்றார். மனுவை வாங்கிக்கொள்ளச் சொன்னதும் வாங்கினார். பத்து நாளில் ஆறு மாதம் கொடுத்தார்கள்.

வசூலுக்கு ஆள் வந்தால்: காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் அவர்கள் போன் செய்யக் கூடாது. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வது, மிரட்டுவது எல்லாம் விதிமீறல். தாமதத்துக்கு 2024 ஏப்ரல் முதல் அபராதக் கட்டணம்தான் போடலாம். அதை வட்டியில் ஏற்றி, அதற்கும் வட்டி போடக் கூடாது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். செலவில்லை. தகவலுக்கு 14448.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) "இவ்வளவு கட்டி முடிச்சிருங்க" என்று சலுகை பேசுவார்கள். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் சிபிலில் 'குளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடனுக்குப் போகும்போது அந்த ஒரு சொல்லுக்குப் பல கேள்வி கேட்பார்கள்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள்: ஊர்க் கணக்கில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தாதீர்கள், ஆறு மாதத் தவணைக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வையுங்கள். நீங்கள் துபாயில் இருந்தாலும் நோட்டீஸ் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

படி 8: கடைசித் தவணைக்குப் பிறகு

பணம் கட்டி முடித்ததும் வேலை முடியவில்லை. கடன் பாக்கி இல்லை என்று சொல்லும் நோ ட்யூ சர்டிபிகேட்டை வங்கி முத்திரையோடு வாங்குங்கள். 7.5 லட்சத்துக்கு மேல் வாங்கிச் சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால், 30 நாளில் திருப்பித் தர வேண்டும். வங்கி தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், உங்களுடையதையும் கூட்டுக் கடன்தாரருடையதையும்.

என்னுடையதில் 'குளோஸ்டு' என்று வந்துவிட்டது. அப்பாவுடையதில் வரவில்லை. 2017-இல் அந்த 36 மாதக் குளறுபடியில் விழுந்த 60 நாள் தாமதம் அவர் பேரில் அப்படியே நின்றது. நோ ட்யூ சர்டிபிகேட், அன்றைய திருத்தக் கடிதம் இரண்டையும் இணைத்து மனு போட்டபின்தான் போனது. அந்தத் திருத்தக் கடிதத்தை ஏழு வருடமாக மளிகைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தது அம்மா.